காடை ஒன்று, மரபணு இரண்டு: ஸ்பெயின் வயல்களில் வலசைப் பறவைக்கு என்ன ஆகிறது?

ஹோட்டலில் 'ஒரு காடை ஃப்ரை' என்று ஆர்டர் செய்கிறோம். தட்டில் வருவது காடைதான். ஆனால், அது எந்தக் காடை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

ஸ்பெயினில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே ஆகஸ்ட் மாதம் வந்தால் அறுவடை முடிந்த கோதுமை வயல்களில் துப்பாக்கியும் நாயுமாகக் காடை வேட்டை தொடங்கிவிடும். அப்போது சுடப்படும் பறவை ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த காடையா, பக்கத்துப் பண்ணையின் கூண்டிலிருந்து திறந்துவிடப்பட்ட காடையா என்பது அந்த நாட்டின் உயிரியலாளர்களை 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி. கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்கப் போன இடத்தில், யாரும் எதிர்பார்க்காத இன்னொரு விஷயமும் கிடைத்தது.

ஒரு சின்னப் பறவையின் மரபணுவைப் பற்றி இவ்வளவு கவலை ஏன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இங்கே இரண்டு காடைகள்

நம் ஊர்ப் பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. இதன் காட்டு மூதாதைகள் ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா, மங்கோலியா, ரஷ்யாவின் கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தவை. ஜப்பானில் முதலில் இதன் குரலுக்காகக் கூண்டில் வளர்த்தார்கள். முட்டைக்கும் இறைச்சிக்குமான தொழிலாக அது மாறியது 20ஆம் நூற்றாண்டில்தான். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். வருடத்துக்கு 250 முட்டைக்கு மேல் தரும். இடம் அதிகம் வேண்டாம், தீவனம் அதிகம் வேண்டாம். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. 1990இல் 'மிர்' விண்வெளி நிலையத்தில் முட்டையிலிருந்து குஞ்சு பொரித்துவந்த பறவையும் இதுவே.

இன்னொன்று ஐரோப்பாவின் சாதாரணக் காடை. அறிவியல் பெயர் காட்டர்னிக்ஸ் காட்டர்னிக்ஸ். எடை சுமார் 100 கிராம். கோழிக் குடும்பத்தில் நீண்ட தூரம் வலசை போகும் பறவைகள் மிகக் குறைவு. அந்த அபூர்வப் பட்டியலில் இதுவும் ஒன்று. குளிர்காலத்தில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் புல்வெளிகளில் இருக்கும். வசந்தத்தில் பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி ஐரோப்பாவுக்கு வரும். பயணம் பெரும்பாலும் இரவில்.

பைபிளில் பாலைவனத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த காடைகளும், குர்ஆனில் 'மன்னு, ஸல்வா' என்று வரும் இடமும் நினைவிருக்கிறதா? வலசையில் களைத்துத் தரையிறங்கும் காடைக் கூட்டத்தைத்தான் அவை குறிக்கின்றன என்று பலரும் கருதுகிறார்கள். எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் இன்றும் வலை கட்டிக் காடை பிடிக்கிறார்கள்.

இரண்டு காடைகளும் நெருங்கிய உறவு. பைக்கால் ஏரி வட்டாரத்திலும் மங்கோலியாவிலும் இரண்டின் எல்லைகளும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. கூண்டில் சேர்த்து வளர்த்தால் இனம் கலக்கும். பிறக்கும் கலப்பினக் குஞ்சும் வளர்ந்து இனப்பெருக்கம் செய்யும். கழுதைக்கும் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைபோல மலடாகப் போவதில்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நிற்காத பறவைக்கு ஊர் ஏது?

'மரபணுப் பன்முகம்', 'கூட்டக் கட்டமைப்பு' என்று ஆய்வாளர்கள் பேசும் இரண்டு சொற்களை நம் ஊர் உதாரணத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

தமிழில் கோவைப் பேச்சு, நெல்லைப் பேச்சு, சென்னைப் பேச்சு என்று இருக்கிறது அல்லவா? மொத்தத் தமிழில் எத்தனை விதமான சொற்களும் உச்சரிப்புகளும் இருக்கின்றன என்பது பன்முகம். அவை எந்த ஊரில் எப்படித் திரண்டு நிற்கின்றன என்பது கட்டமைப்பு. ஊர்களுக்கு இடையே போக்குவரத்தே இல்லை என்றால் பேச்சு வழக்குகள் விலகிக்கொண்டே போகும். எல்லோரும் ஊர் ஊராக மாறி மாறிக் குடியேறினால் வேறுபாடுகள் கரைந்துவிடும்.

மரபணுவும் அப்படித்தான். ஒரு பறவை இனம் வெவ்வேறு இடங்களில் பிரிந்து, கலக்காமல் வாழ்ந்தால் ஒவ்வொரு கூட்டமும் தனித்தன்மை பெறும். தொடர்ந்து கலந்துகொண்டிருந்தால் ஒரே பெரிய கூட்டம்போல ஆகிவிடும்.

சாதாரணக் காடை இதில் இரண்டாவது வகை. அதன் வாழ்க்கையே நாடோடி வாழ்க்கை. அதற்குத் தேவை, உயரமாக வளர்ந்த பசுமையான தானியப் பயிர். தெற்கே பயிர் காய்ந்து அறுவடை ஆனால் வடக்கே போகும். மலையடிவாரத்தில் அறுவடை முடிந்தால் உயரமான இடத்துக்குப் போகும். ஆண் காடை ஒரே இனப்பெருக்கப் பருவத்திலேயே ஜோடி தேடி ஊர் மாறிக்கொண்டே இருக்கும். பெண் காடை ஒரு இடத்தில் ஒரு ஈடு முட்டையிட்டுக் குஞ்சுகளை ஆளாக்கிவிட்டு, போகிற வழியில் வேறொரு இடத்தில் அடுத்த ஈட்டைத் தொடங்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் பொரிந்த குஞ்சு, சில மாதங்களிலேயே முதிர்ந்து, அதே கோடையில் ஐரோப்பாவில் முட்டையிடக்கூட வாய்ப்பு உண்டு.

இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் பறவையிடம் 'இது கேட்டலோனியா கூட்டம், இது அண்டலூசியா கூட்டம்' என்று கோடு போட முடியாது. மேற்கு ஐரோப்பாவின் காடைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்த ஒரே கூட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இதற்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. கலந்துகொண்டே இருப்பதால் பன்முகம் அதிகம். சஹேலில் வறட்சி வந்தாலும், ஒரு ஊரில் அறுவடை முன்கூட்டியே முடிந்தாலும், கூட்டத்தில் ஏதோ ஒரு பகுதி சமாளித்துக்கொள்ளும். கெட்ட பக்கமும் அதே குணத்திலிருந்துதான் வருகிறது. ஒரு மூலையில் வெளி மரபணு நுழைந்தால், அது அந்த மூலையோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

பண்ணைக் காடை வயலுக்கு எப்படி வந்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் சட்டம் 1979இல் வந்தது. 2009இல் தொகுக்கப்பட்டு மறுபடி வெளியானது. அதன்படி ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட சில நாடுகளில் காடையை வேட்டையாட அனுமதி உண்டு. ஸ்பெயினில் 'மெடியா வேடா' எனப்படும் கோடை வேட்டைப் பருவம் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும். காடைதான் அதன் முக்கிய இலக்குகளில் ஒன்று.

வேட்டைப் பருவம் குறுகியது. காடை எங்கே, எப்போது இருக்கும் என்பதும் நிச்சயம் இல்லை. இன்று வயல் நிறைய இருக்கும், மூன்று நாள் கழித்துப் போனால் ஒன்றுகூட இருக்காது. பணம் கட்டி வேட்டைக்கு வருபவர் வெறும் கையோடு திரும்பினால் எஸ்டேட் நடத்துபவருக்கு நஷ்டம். வேட்டை நாய்களைப் பழக்குவதற்கும் பறவை வேண்டும். அதனால், பண்ணையில் வளர்த்த காடைகளை வாங்கி வயலில் திறந்துவிடும் பழக்கம் வந்தது. பெரிய எண்ணிக்கையில், வருடா வருடம்.

பேப்பரில் இவை 'சாதாரணக் காடை'. ஆனால், அசல் காட்டுக் காடையைக் கூண்டில் வளர்ப்பது சுலபம் இல்லை. மிரண்டு துள்ளும், பருவம் பார்த்துத்தான் முட்டையிடும். ஜப்பானியக் காடைக்கோ கூண்டு புதிதல்ல. பல நூறு தலைமுறைகளாக அதிலேயே பிறந்து அதிலேயே வளர்கிறது. பண்ணைக் கணக்குக்கு எது லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பெயினின் டோன்யானா உயிரியல் நிலையத்தைச் சேர்ந்த இனெஸ் சான்செஸ் டோனோசோ, கார்லெஸ் விலா ஆகியோரும் பார்சிலோனா பல்கலைக்கழகக் காடை ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தப் பண்ணைப் பறவைகளின் மரபணுவைச் சோதித்தார்கள். 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: வேட்டைக்காகப் பண்ணையில் வளர்க்கப்படும் காடைகள் உண்மையில் சாதாரணக் காடைகள்தானா?

பதில்: இல்லை. அவை கலப்பினங்கள். அதிலும் ஜப்பானியக் காடையின் பங்கு தூக்கலாக இருந்தது.

ஸ்பெயினின் 2007ஆம் ஆண்டு இயற்கைப் பாரம்பரியச் சட்டம், பூர்விக உயிரினங்களோடு போட்டியிடக்கூடிய அல்லது அவற்றின் மரபணுத் தூய்மையைக் குலைக்கக்கூடிய அந்நிய உயிரினங்களைத் திறந்துவிடக் கூடாது என்கிறது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், கூண்டில் இருக்கும் பறவையைப் பார்த்து 'இது கலப்பு' என்று ஓர் அதிகாரியால் எப்படிச் சொல்ல முடியும்? ஆண் காடையின் கூவலைக் கேட்டால் ஓரளவு பிடிக்கலாம். சாதாரணக் காடை மூன்று சின்னத் துண்டாக, டக் டக்கென்று கூவும். ஜப்பானியக் காடையின் கூவல் கரகரப்பாக, இழுத்தாற்போல இருக்கும். கலப்பினத்தில் இந்த வித்தியாசமும் மங்கிவிடும். பெண் காடையிடமோ இந்தக் கூவல் சோதனையே செல்லாது.

அப்படியானால் காட்டுக் காடை ஏற்கெனவே கலந்துபோய்விட்டதா?

முழுதாக இல்லை. இங்கேதான் ஓர் ஆறுதல்.

இத்தனை ஆண்டு திறந்துவிட்டும், காட்டுக் காடைகளில் ஜப்பானிய மரபணுவின் அளவு பயந்த அளவுக்கு ஏறவில்லை. ஏன்? 2014இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. திறந்துவிடப்பட்ட கலப்பினங்கள் காட்டில் தாக்குப்பிடிப்பதில்லை. கூண்டுக்குப் பழகிய பறவை, நரிக்கும் பருந்துக்கும் சுலபமான இரை. துப்பாக்கிக்கும்தான், அதற்காகத்தானே விடுகிறார்கள். பெரும்பாலானவை கலப்பதற்கு முன்பே செத்துவிடுகின்றன.

அதே ஆண்டு, அதே குழுவின் இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஊடுருவல் குறைவுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. மெதுவாக, சொட்டுச் சொட்டாக நடந்துகொண்டிருக்கிறது. 'மெதுவான ஊடுருவல்' என்ற சொல்லையே அந்தக் கட்டுரையின் தலைப்பில் வைத்தார்கள்.

மெதுவாக நடந்தால் என்ன, பரவாயில்லையே என்று தோன்றலாம். மரபணு விஷயத்தில் மெதுவாக நடப்பதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். ஆயிரக்கணக்கான பறவைகளைத் திறந்துவிடும்போது அதில் நூற்றில் ஒன்று பிழைத்தாலும், அடுத்த ஆண்டும் விடுகிறீர்கள், அதற்கடுத்த ஆண்டும் விடுகிறீர்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி இது.

2016இல் வந்த இன்னொரு முடிவு கவலையைக் கூட்டியது. ஒரு பெண் காடை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும்போது, முட்டையைக் கருவுறச் செய்வதில் யாருடைய விந்தணு ஜெயிக்கிறது? கூண்டில் வைத்துச் செய்த சோதனையில் பண்ணைக் கலப்பின ஆண்கள் காட்டு ஆண்களை முந்தின. வயலில் பிழைக்கத் தெரியாது. ஆனால், பிழைத்துவிட்டால் இனப்பெருக்கத்தில் கில்லாடி.

கலந்தால் என்ன கெட்டுப்போகும்?

இதுதான் மையக் கேள்வி. காடை எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே? எந்த மரபணு இருந்தால் என்ன?

சிக்கல் வலசையில் இருக்கிறது. காடை வலசை போவதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. குஞ்சுகளைத் தாய் கூட்டிக்கொண்டு போய் ஆப்பிரிக்காவில் விடுவதும் இல்லை. எப்போது கிளம்ப வேண்டும், எந்தத் திசை, எவ்வளவு கொழுப்பு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் பெருமளவு பிறவியிலேயே வருபவை. பருவம் வந்ததும் கூண்டில் இருக்கும் வலசைப் பறவைகூட ராத்திரியில் தூங்காமல் அலைபாயும். இந்தத் துடிப்பை அளந்தே விஞ்ஞானிகள் வலசைக் குணத்தைக் கணக்கிடுகிறார்கள்.

பிரான்ஸில் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பியக் காடை, பண்ணை ஜப்பானியக் காடை, கலப்பினங்கள் மூன்றையும் ஒப்பிட்டது. பண்ணைக் காடையிடம் வலசைக் குணம் மங்கிப்போயிருந்தது. கலப்பினங்களிடம் அசல் காடையைவிடக் குறைவாக இருந்தது. ஆச்சரியம் இல்லை. கூண்டில் அலைபாயாமல் அமைதியாகத் தின்று கொழுக்கும் பறவையைத்தான் பண்ணைக்காரர் அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுப்பார். நூறு தலைமுறை தேர்ந்தெடுத்தால் பயணம் மறந்துபோகும்.

இந்த மறதி காட்டுக் கூட்டத்தில் கலந்தால்? பாதி மனசோடு கிளம்பும் பறவை நடுவழியில் நின்றுவிடலாம். கிளம்பாமலே தங்கிவிடும் பறவை ஐரோப்பியக் குளிரில் மாட்டிக்கொள்ளலாம். எத்தனையோ ஆயிரம் ஆண்டு சோதித்துச் சோதித்து உருவான ஒரு பயணத் திட்டத்துக்குள், அந்தப் பயணமே தேவைப்படாத ஒரு பறவையின் குறிப்புகள் நுழைகின்றன.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. வேட்டைக் கணக்கில் காடைகள் நிறைய விழுந்திருந்தால் 'காடைக்கு ஒரு குறையும் இல்லை' என்று தோன்றும். அதில் பாதி பண்ணைப் பறவையாக இருந்தால் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது? காட்டுக் காடை குறைந்துகொண்டே போனாலும் புள்ளிவிவரத்தில் அது தெரியாது.

2022: எதிர்பாராத திருப்பம்

இதற்கிடையே களத்தில் இன்னொரு குழப்பம். ஸ்பெயினின் தெற்கே, ஜிப்ரால்டர் ஜலசந்திப் பக்கம் பிடிபட்ட சில ஆண் காடைகள் வித்தியாசமாக இருந்தன. உடல் கனமானது. தொண்டை கருத்தது. கேட்டவுடன் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் என்ன? பண்ணைக் கலப்பு!

சான்செஸ் டோனோசோ, விலா குழு முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்தது. 2022இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் முடிவு வெளியானது. இது பண்ணைச் சமாச்சாரமே இல்லை. இயற்கையே செய்த வேலை.

காடையின் குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. ஒரு ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள பத்துப் பெட்டிகளைக் கழற்றி, அப்படியே திருப்பி, மறுபடி கோத்துவிட்டால் எப்படி இருக்கும்? பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன. எதுவும் தொலையவில்லை. வரிசை மட்டும் தலைகீழ். இதைத்தான் மரபியலில் 'தலைகீழ் மாற்றம்' என்கிறோம்.

இதன் அளவுதான் மலைக்க வைத்தது: 11.5 கோடி எழுத்துகள். காடையின் மொத்த மரபணுத் தொகுதியில் சுமார் 12 சதவீதம். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அந்தத் துண்டுக்குள் இருக்கின்றன.

சும்மா திரும்பி உட்கார்ந்தால் என்ன வந்துவிடும்? விஷயம் அடுத்த தலைமுறையில் இருக்கிறது. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது, அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி. ஒன்றில் வரிசை நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் இருந்தால், அந்தப் பகுதியில் பரிமாற்றம் சரியாக நடக்காது. விளைவு, அந்தத் துண்டுக்குள் இருக்கும் மரபணுக்கள் எல்லாம் சீல் வைத்த ஒரே பார்சலாக, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே பயணிக்கும்.

இந்தப் பார்சல் உள்ள காடைகள் உருவத்தில் பெரியவை. தொண்டை நிறம் கருமை. இறக்கை கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கும். நீண்ட தூரம் பறக்க ஏற்றது கூரான இறக்கை. உருண்டை இறக்கை அதற்குச் சரிவராது. இறகில் பதிந்திருக்கும் ஐசோடோப் தடயத்தையும் ஆராய்ந்தார்கள். இறகு முளைக்கும்போது பறவை தின்ற உணவு, குடித்த தண்ணீரின் வேதியியல் முத்திரை அதில் தங்கிவிடும். அதை வைத்து அந்த இறகு எந்த வட்டாரத்தில் முளைத்தது என்று கணிக்கலாம். அதுவும் அதையே சொன்னது: இவை குறைந்த தூரமே வலசை போகின்றன, அல்லது போவதே இல்லை.

இன்னும் சுவாரஸ்யம் என்னவென்றால், இரண்டு வகைக் காடைகளும் தங்களுக்குள் தாராளமாக இனம் கலக்கின்றன. தடை எதுவும் இல்லை. ஆனாலும், பெரிய வகை தென்மேற்கு மூலையைத் தாண்டிப் பரவவில்லை. காரணம் எளிமையானது. அந்தப் பார்சல் யாரிடம் இருக்கிறதோ அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. கிளம்பாதவர் கொண்டுபோய் எங்கே பரப்புவார்?

ஒரே பெரிய கூட்டம் என்று நினைத்திருந்த பறவைக்குள், மலையோ கடலோ பிரிக்காமல், ஒரு குரோமோசோம் துண்டு மட்டுமே போட்ட எல்லைக்கோடு ஒன்று இருந்திருக்கிறது.

பறவைகளில் இது ஒற்றை உதாரணம் அல்ல. குளிர்காலத்தில் கோடியக்கரை போன்ற இடங்களுக்கு வரும் ரஃப் என்ற உள்ளான் வகையிலும், ஆண் பறவைகள் மூன்று விதமாக இருப்பதற்கு இதே மாதிரி ஒரு தலைகீழ் மாற்றம்தான் காரணம் என்று முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வலசை போகாத இரண்டு காடைகள்

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வலசை போகாத காடை ஒன்று, தென் ஸ்பெயினில் இயற்கையாகவே இருக்கிறது. இன்னொன்றைக் கூண்டு உருவாக்கியது. லாரியில் ஏற்றிவந்து வயலில் விடுகிறார்கள். வயலில் நிற்கும் வேட்டைக்காரருக்கு இரண்டுமே 'குண்டுக் காடை'தான். முதலாவது காப்பாற்றப்பட வேண்டிய பன்முகம். இரண்டாவது தடுக்கப்பட வேண்டிய கலப்பு. பிரித்துச் சொல்ல மரபணுச் சோதனை ஒன்றுதான் வழி.

இது நிர்வாகக் கேள்வியாகவும் மாறுகிறது. வலசை போகும் காடைக்கு ஸ்பெயின் ஒரு நிறுத்தம். அங்கே அதிகமாகச் சுட்டால், அதன் தாக்கம் மொராக்கோவிலிருந்து பிரான்ஸ் வரை பரவி விழும். வேறு இடத்திலிருந்து வரும் பறவைகள் ஓரளவு ஈடுகட்டவும் செய்யும். தென்மூலையில் தங்கிவிட்ட பெரிய காடைக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் உலகமே அந்த வட்டாரம்தான். அங்கே அதிகமாகச் சுட்டால் வெளியிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே இனம். ஒரே வேட்டைப் பருவம், ஒரே கணக்கு.

வேட்டை மட்டுமே வில்லன் என்று சொல்லிவிடவும் முடியாது. சீக்கிரம் முதிரும் தானிய ரகங்கள் வந்ததால் அறுவடை முன்கூட்டியே நடக்கிறது. கூடு கட்டியிருக்கும்போதே இயந்திரம் வயலில் இறங்கிவிடுகிறது. பூச்சிக்கொல்லியால் குஞ்சுகளுக்குத் தேவையான பூச்சிகள் குறைகின்றன. சஹேலில் மழை தவறினால் குளிர்காலத்தில் உணவு இருக்காது. வேட்டைக்காரர்களில் பலருக்குமே காட்டுக் காடை வேண்டும். பண்ணைக் காடை சரியாகப் பறக்காது, நாய் துரத்தினாலும் சோம்பலாக எழும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். காட்டுப் பறவை குறைந்தால் பண்ணைப் பறவையை விடுகிறார்கள். அது காட்டுப் பறவையின் மரபணுவை நீர்க்கச் செய்கிறது. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்பதுதான் கேள்வி.

ஆய்வாளர்களின் முடிவுகள் காட்டும் முதல் வழி ரொம்பச் சாதாரணமானது: திறந்துவிடுவதை நிறுத்துவது. கலப்பினங்கள் தாமாகவே காட்டில் தாக்குப்பிடிப்பதில்லை என்பதால், புதிதாக வருவது நின்றால் பழையது மெல்ல மெல்லக் குறைய வாய்ப்பு உண்டு. திறந்துவிட்டே ஆக வேண்டும் என்றால், பண்ணையில் இருக்கும் தாய்ப் பறவைகளையாவது மரபணுச் சோதனை செய்ய வேண்டும். 'சாதாரணக் காடை' என்று பில்லில் எழுதியிருப்பது போதாது.

நம் ஊருக்கு இதில் என்ன?

ஜப்பானியக் காடை 1974இல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் இஸத் நகரில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் காடை வளர்ப்பு சிறு விவசாயிகள்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரகங்களும் இருக்கின்றன. கூண்டில் வளர்த்து, கடையில் விற்கும்வரை இதில் மரபணுக் கவலை எதுவும் இல்லை. தட்டில் இருக்கும் காடை ஃப்ரையை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஆனால், இந்தியாவுக்கும் சொந்தக் காட்டுக் காடைகள் உண்டு. ஐரோப்பாவில் இருக்கும் அதே சாதாரணக் காடை குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வருகிறது. இன்னொன்று, மழைக்காலத்தை ஒட்டி இடம் மாறும் மழைக் காடை. அதன் அறிவியல் பெயர் காட்டர்னிக்ஸ் கோரமண்டெலிகா. ஆம், நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான். இந்தக் காட்டுக் காடைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'நாட்டுக் காடை, காட்டுக் காடை கிடைக்கும்' என்று யாராவது விற்றால் அது ஸ்பெஷல் அயிட்டம் அல்ல, சட்டவிரோதம்.

ஸ்பெயினின் அனுபவம் நமக்குச் சொல்வது ஒன்றுதான். பண்ணைக் காடை கூண்டுக்குள் இருக்கும்வரை தொழில். புண்ணியத்துக்கென்றோ, எண்ணிக்கையைக் கூட்டுகிறோம் என்றோ வயலில் திறந்துவிட்டால் அது வேறு கதை. காட்டுக் காடையின் எண்ணிக்கை குறைந்தால் வயலைச் சரிசெய்து மறுபடி கூட்டலாம். மரபணுவில் கலந்ததை அப்படிப் பிரித்தெடுக்க முடியாது.

ஸ்பெயினில் அடுத்த ஆகஸ்ட்டிலும் வேட்டைப் பருவம் திறக்கும். அந்த வயல்களுக்குச் சில காடைகள் சஹாராவைத் தாண்டி வந்திருக்கும், சில அங்கேயே பிறந்து தங்கியவையாக இருக்கும், சில முந்தின நாள் கூண்டிலிருந்து வந்தவையாக இருக்கும். இதில் முதல் இரண்டு வகையும் நீடிக்குமா என்பது, மூன்றாவதை இன்னும் எத்தனை ஆண்டு திறந்துவிடப் போகிறார்கள் என்பதையும் பொறுத்திருக்கிறது.